பால்காரச் சிவத்தின் பெற்றோல் பம்ப்

எங்கள் பகுதி மோட்டார் சைக்கிள் திருத்துநர் சங்கம் சிறப்பு மலர் போடுகிறதாம். "தவம் அண்ணை, ரிட்டையர் ஆன ஆள்தானே, நேரம் கிடக்கும், ஏதாவது எழுதித் தாங்கோ" என்று செயலாளர் வந்து கதிரையில் இருந்துவிட்டார். எழும்புகிற நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நேரம் கிடக்கிறது என்பது அவருடைய கணக்கு. எனக்கு வயல் இருக்கிறது, மாடு இருக்கிறது, நான் சும்மா இருந்தால் பொறுக்காத மனைவியும் இருக்கிறார்.

"எதைப் பற்றி எழுதுறது?" என்று கேட்டேன்.

"இப்பத்தைப் பெடியள் வண்டி ஸ்ராட் வரேல்லையெண்டால் உடன பெற்றோல் பம்பை மாத்திப் பாப்பம் எண்டுறாங்கள். அதைப் பற்றி எழுதுங்கோவன்."

இந்த மாற்றிப் பார்ப்பம் என்ற கதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாற்றிப் பார்க்க மெக்கானிக் எதற்கு? உதிரிப்பாகக் கடைக்காரனே போதுமே. அந்தக் கோபத்தில்தான் ஒப்புக்கொண்டேன். பம்ப் பழுது என்று எப்படி அறிவது, எப்படி மாற்றுவது என்பதைச் சொல்கிறேன். அதோடு, மாற்ற மாற்றச் செத்துப்போன ஒரு பம்பைப் பற்றியும் சொல்கிறேன். அதை வென்ற கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

நான் வேலை பழகியது கிளிநொச்சியில், போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் போத்தலில் விற்ற காலம் அது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். காபரேற்றருக்குள் சின்னப் போத்தலால் இரண்டு பீச்சுப் பெற்றோல் அடித்து உதைத்தால், வண்டி இருமிக்கொண்டு எழும்பும். பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடும். கிடைத்த பெற்றோலை ஒருவரும் இரவில் வண்டிக்குள் விடமாட்டார்கள். உறிஞ்சி எடுத்து வீட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள். கராச்சுக்கு வண்டி விடும்போதும் வந்து சேர மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வடித்துவிட்டுத்தான் வருவார்கள். எங்கள் நேர்மையில் அவ்வளவு நம்பிக்கை! இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து, நெடுங்கேணியில் ஒரு கம்பனி முகவர் கராச்சில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. பெற்றோல் தாங்கி வற்றிப்போய் வண்டி வந்தால் நாங்கள் அதை ஒரு விஷயமாகவே எடுப்பதில்லை.

அந்தக் கராச்சுக்குப் போமனாக, எங்கள் வேலைக்கெல்லாம் பொறுப்பாக, வந்தவர் பழனி. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். என்னை விட நல்ல இளையவர். புதிதாக வந்த பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கான பயிற்சிக்குக் கம்பனி என்னை அனுப்பாமல் அவரை அனுப்பியது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிறவனுக்கு மேலே, நேற்று வந்த ஒருவர்! முதல் மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவரும் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் "அண்ணே, டீ குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்பார். இப்படிப்பட்ட ஆளோடு எவ்வளவு காலம் கோபமாக இருக்கலாம்?

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு கண்டிப்பு இருந்தது. வண்டி உள்ளே வந்தால் எவரும் ஸ்பானரைத் தொடக்கூடாது. ஓட்டி வந்தவரை வாங்கில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, முழுவதையும் கேட்க வேண்டும். பிறகு வண்டியைப் பார்த்துவிட்டுப் போமனுக்கு முன்னால் நின்று ஒப்புவிக்க வேண்டும். "கண்டத மொதல்ல சொல்லுங்க. நெனச்சத அப்புறமா கேக்குறேன்" என்பார். நினைத்ததைக் கண்டதாகச் சொல்லிவிட்டால், முகம் துடைக்கிற கைலேஞ்சியை எடுத்து மடித்து, விரித்து, திரும்ப மடிப்பார். அந்தக் கைலேஞ்சிக்கு நாங்கள் எல்லோரும் பயம்.

பெற்றோல் பம்பை அறிகிற முறையை அவரிடம் நான் இப்படித்தான் எடுத்துக்கொண்டேன். முதலில் காது. இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. வண்டியின் திறப்பை, அதாவது சாவியை, திருப்பியதும் தாங்கிக்குள்ளிருந்து வண்டு இரைவது போல மெல்லிய இரைச்சல் வந்து, இரண்டு விநாடியில் நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப் பழுது என்று துள்ளாதீர்கள். பியூஸைப் பாருங்கள். ரிலேயைப் பாருங்கள். பம்புக்குப் போகும் வயரில் மீற்றரை வைத்து மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மின்சாரம் வந்தும் பம்ப் ஊமையாக இருந்தால்தான் குற்றம் பம்பில். சத்தம் வருகிறது, வண்டிக்கு இழுவை இல்லை என்றால் குழாயில் அமுக்கமானியைப் பூட்டிப் பாருங்கள். முள்ளு மூன்றுக்குக் கிட்டப் போய் ஆடாமல் நிற்க வேண்டும். தளர்ந்து விழுந்தால் பம்ப் களைத்துவிட்டது, அல்லது பெற்றோலை அரிக்கிற வடி அடைத்துவிட்டது.

மாற்றும்போது அவசரம் கூடாது. பம்பின் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் குழாயின் அமுக்கத்தை இறக்குங்கள். இல்லாவிட்டால் பெற்றோல் முகத்தில்தான். பற்றறியின் மறை (நெகற்றிவ்) வயரைக் கழற்றுங்கள். தாங்கியை வடித்து, இறக்கி, சாக்கில் கவிழ்த்து வையுங்கள். பம்ப் மூடியைச் சுற்றியிருக்கும் புழுதியை முதலில் துடையுங்கள். எங்கள் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் புதுப் பம்புக்கும் அதே கதிதான். ஆணிகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகத் தளர்த்துங்கள். பம்பைச் சரித்துத் தூக்குங்கள், மிதவைக் கம்பி வளையக்கூடாது. ரப்பர் வளையம் புதிதாகத்தான் போட வேண்டும். பூட்டியதும் திறப்பை மூன்று நான்கு தடவை போட்டு நிறுத்தி அமுக்கத்தை ஏற்றி, மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். விரல் நனையாவிட்டால் ஸ்ராட் பண்ணலாம். முதல் பம்பை நான் தனியாக மாற்றி முடித்தபோது போமன் கைலேஞ்சியைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தார். அதை விடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இனிச் சிவத்தின் கதைக்கு வருகிறேன்.

சிவம் முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் பெண் எடுத்து, மாமனார் வீட்டில் இருந்தவர். விடியற்காலையில் வீடு வீடாகப் பால் எடுத்து, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான்களைத் தொங்கவிட்டுக்கொண்டு காட்டு வீதியால் நெடுங்கேணிப் பால் நிலையத்துக்குக் கொண்டுவருவார். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும். பிந்தினால் பால் புளித்துவிடும். நிலையத்தில் சோதித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று அத்தனை வீட்டுப் பாலும் மண்ணுக்குத்தான்.

அவருடைய இன்ஜெக்ஷன் வண்டி பாதிக் காட்டில் நிற்கத் தொடங்கியது. நின்றால் கொஞ்ச நேரம் ஆறவிட்டால்தான் திரும்ப எழும்பும். வேறொரு கராச்சில் மாற்றிப் பார்ப்பம் என்று பம்பை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் அதுவும் செத்தது. எங்களிடம் வந்தார். நாங்கள் முறையாகச் சோதித்தோம். பம்ப் பழுதுதான். நான் மேலே சொன்ன ஒழுங்கு ஒன்றும் பிசகாமல் என் கையாலேயே மாற்றினேன். ஒரு மாதம் கழித்துச் சிவம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். போட்டிருந்த சேட்டெல்லாம் பால் நாற்றம்.

"அண்ணை, இண்டைக்கும் திருப்பிப் போட்டாங்கள்" என்றார். "இன்னொருக்காப் பழுதாக் கொண்டுவந்தா பால் எடுக்கிற லைனை வேற ஆளுக்குக் குடுக்கிறமெண்டு சொல்லிப் போட்டினம். லைன் போனா நான் என்ன செய்யிறது? பால் தந்த சனத்தின்ர முற்றத்தில போய் நிண்டு என்ன மறுமொழி சொல்லுறது?"

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் கையால் பூட்டிய பம்ப்!

வழக்கம்போல வெறும் தாங்கியோடு வந்த வண்டிக்கு எங்கள் கானிலிருந்து பெற்றோல் நிரப்பினோம். அமுக்கமானியைத் தாங்கியில் நாடாவால் ஒட்டிக்கொண்டு நானே ஓட்டினேன். ஒட்டுசுட்டான் வரை போய் வந்தேன். உச்சி வெயிலில் பாரம் ஏற்றி ஓட்டினேன். முள்ளுக் கொஞ்சம் சோர்வாக நின்றது, ஆனால் விழவில்லை. வண்டி ஒரு தடவையாவது நின்றதா? இல்லை. அடுத்த நாளும் இல்லை. என்னைப் பார்த்து நக்கலடிப்பது போலவே ஓடியது.

நான் முன்பு கழற்றி வைத்த செத்த பம்பைப் போமன் கொண்டுவரச் சொன்னார். வாளால் அறுத்துத் திறந்தேன்.

"கண்டதச் சொல்லுங்கண்ணே."

"வடி சுத்தம். ஊத்தை இல்லை, துரு இல்லை. உள்ளுக்குப் பிளாஸ்ரிக் உருகிக் கிடக்கு. சுருள் எல்லாம் கறுத்துப் போச்சு."

"அப்ப சூடு."

"சூடுதான். ஆனால் எங்க இருந்து வருது? நாங்கள் ஓடேக்குள்ள தாங்கி குளிர்ந்தெல்லோ கிடந்தது?"

போமன் கைலேஞ்சியை எடுத்தார். மடித்தார். இந்தத் தடவை அது எனக்கு எதிராக இல்லை, அவருக்கே எதிராக. "கம்பெனி இனி கேரண்டியில பம்ப் குடுக்காதுண்ணே. ஓட்டுறவரு மேல தப்புன்னு எழுதச் சொல்றாங்க. என்னா தப்புன்னு தெரியாம எப்டி எழுதுறது?"

"நான் நாளைக்கு விடியச் சிவத்தின்ர வீட்டை போறன். அங்க இருந்து கூட வாறன்" என்றேன்.

"போங்கண்ணே. ஆனா ஸ்பானர் கொண்டு போகாதீங்க. கையில இருந்தா எதையாச்சும் கழட்டத்தான் தோணும்."

நிலம் வெளிக்கும்போது என் பழைய காபரேற்றர் வண்டியில் முத்தையன்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முற்றத்தில் சிவத்தின் மாமனார் கந்தையா ஐயா நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய ஆள். வயது போனாலும் முதுகு வளையவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சமையல் குசினிக்குள் போனார். வரும்போது கையில் ஒரு சோடாப் போத்தல், நிறையப் பெற்றோல். தாங்கி வாயில் துணியைப் போட்டு, போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். கோயிலில் பாலபிஷேகம் செய்கிற ஐயருக்குக்கூட அந்தக் கவனம் இராது.

"இவ்வளவும்தானோ?" என்று சிவத்திடம் கேட்டேன்.

"ஓம் அண்ணை. மாமா அளந்துதான் விடுவார். நெடுங்கேணிக்குப் போய்ச் சேர மட்டும்தான் காணும். நெடுங்கேணியில அடிக்கிறதையும் பின்னேரம் உறிஞ்சி எடுத்து வைச்சிடுவார்."

என் தலைக்குள் ஏதோ தட்டியது. ஆனால் போமனின் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது. நினைத்ததைச் சொல்லவில்லை, காணும் வரை பொறுத்தேன்.

சிவம் பால் எடுத்து முடிய, பின்னால் நான் போனேன். காட்டு வீதியில், யானை முறித்துப் போட்ட பாலை மரத்தடிக்குக் கிட்ட வண்டி இரண்டு தடவை விக்கி நின்றது. திறப்பைப் போட்டுக் காதை வைத்தேன். சத்தம் இல்லை. தாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு சிரட்டை அளவு பெற்றோல் கிடந்தது. தாங்கியின் கீழ்ப்பக்கத்தில் கையை வைத்தவன் சுட்டு இழுத்துக்கொண்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவம் என்னை விசரன் என்று நினைத்திருப்பார். இந்தப் பம்ப் பெற்றோலுக்குள் அமிழ்ந்து கிடந்தால்தான் குளிரும். தாங்கி வற்றினால் அது தன் சூட்டிலேயே வெந்து சாகும். நாங்கள் கராச்சில் தாங்கியை நிரப்பிவிட்டு வருத்தத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மருந்தைக் கொடுத்துவிட்டல்லவா நோயைத் தேடியிருக்கிறோம்! வெறும் தாங்கியை எல்லோரும் கண்டோம், ஒருவரும் சொல்லவில்லை. வன்னியில் அது சொல்லுகிற விஷயமே இல்லை.

என் வண்டியின் பெற்றோல் குழாயைக் கையாலேயே இழுத்துக் கழற்றி, தண்ணீர்ப் போத்தலை வெறுமையாக்கி, அதில் வடித்து வடித்துச் சிவத்தின் தாங்கிக்குள் ஊற்றினேன். பொறுத்துப் பார்த்துத் திறப்பைப் போட்டேன். சத்தம் இல்லை. பால் கான்களில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிவம் வாய்க்குள் வற்றாப்பளை அம்மாளைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டேன். வண்டு இரைந்தது.

"ஏறு, ஓடு!" என்று கத்தினேன்.

அன்று பால் நிலையத்தில் அவருடைய கான்கள் எல்லாம் சோதனையில் தேறின. சிவம் அந்த வாசலில் நின்று என் கையைப் பிடித்தவர் விடவில்லை. எனக்கும் கண் கலங்கிப்போனது. ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் பாதி வெந்த பம்ப் நெடுநாள் நில்லாது. புதியது பூட்ட வேண்டும், அதுவும் சாகாமல் இருக்க வேண்டும். அதற்குக் கந்தையா ஐயாவின் போத்தல் போக வேண்டும். போமன் கம்பனியோடு கதைத்து, காரணத்தைக் கண்டபடியே எழுதி, கடைசியாக ஒரு பம்ப் வாங்கிவிட்டார். "இத அந்த வீட்டு முத்தத்துலயே மாத்துவோம்ணே, அந்த ஐயா பாக்கட்டும்" என்றார். இருவருமாகப் போனோம்.

ஐயாவுக்கு நான் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், பொங்கிவிட்டார்.

"பெற்றோலைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வந்தனீரோ தம்பி? இவள் வயித்தில இருக்கேக்க தாய்க்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து வந்தது. ஊரில ஒரு வாகனம் ஓடேல்லை. ஒரு சொட்டு ஒருத்தரிட்டையும் இல்லை. நான் கூரைக்குள்ள ஒளிச்சு வைச்ச ஒரு போத்தல் இருந்தபடியா ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தம். அந்தப் போத்தல் இல்லையெண்டால் இவள் இல்லை." வாசலில் நின்ற மகளைக் காட்டினார்.

அந்தக் காலத்தில் நானும் அங்கேதான் இருந்தேன். போத்தல் பெற்றோலின் பெறுமதி எனக்கும் தெரியும். போமன் என்னைத்தான் பார்த்தார்.

நான் முற்றத்துக் கிணற்றைப் பார்த்தேன். உள்ளே தண்ணீருக்குள் இறக்கிய மோட்டாரின் வயர் கிணற்றுக்கட்டின் மேல் ஏறி வந்து கிடந்தது.

"ஐயா, கோடையில கிணறு வத்தினாப் பிறகும் உந்த மோட்டரை ஓட விடுவியளே?"

"உமக்கென்ன விசரே? தண்ணிக்கு மேல வந்தால் எரிஞ்சு போமெல்லோ."

நான் தாங்கியைக் கவிழ்த்து, மூடியைத் துடைத்து, பம்பைச் சரித்துத் தூக்கி அவருடைய கையில் வைத்தேன். அறுத்த பழைய பம்பையும் பக்கத்தில் வைத்தேன். ஐயா கறுத்த சுருளை மணந்து பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். திரும்ப அந்தப் பம்பைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நானோ இதை எரிச்சனான்?" என்றார்.

"நீங்களும் ஒளிச்சனீங்கள், நாங்களும் காணேல்லை ஐயா" என்றேன்.

புதுப் பம்பை நான் பூட்டி, புது வளையம் போட்டு, ஆணிகளை எதிரெதிராக இறுக்கி முடிக்கும் வரை அவர் அசையாமல் நின்றார். பிறகு உள்ளே போனார். குசினிப் பரணிலிருந்தும் நெல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்தும் போத்தல் போத்தலாகப் பெற்றோல் வந்தது. அவரே ஊற்றினார். தாங்கி கழுத்து வரை நிரம்பியது. திறப்பைப் போடச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். இரைச்சல் வந்து நின்றது. "இது நல்லாப் பாடுது" என்றார். ஒரே ஒரு போத்தலை மட்டும் அவர் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு திரும்ப உள்ளே கொண்டுபோனதை நானும் கண்டேன், போமனும் கண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வேண்டுமென்றே கண்டதைச் சொல்லாமல் விட்டோம்.

அந்தப் பம்ப் இன்னும் ஓடுகிறது. சிவத்தின் லைன் அவரிடமே இருக்கிறது. நிறைந்த தாங்கியை வெளியே விட ஐயாவுக்கு மனம் கேட்காததால், வண்டி இரவில் விறாந்தையில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். சுற்றுவட்டாரத்தில் இன்ஜெக்ஷன் வண்டி வாங்குகிறவர்களுக்கெல்லாம், "தாங்கியை வத்த விடாதேங்கோ" என்று எங்களை விட அவர்தான் கூடுதலாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வெந்த பம்ப் வருவது நன்றாகக் குறைந்துபோனது.

நான் ஓய்வுபெற்ற நாளில் கராச்சில் கேக் வெட்டினார்கள். போமன் பேச எழும்பி, கைலேஞ்சியை எடுத்து, இந்தத் தடவை கண்ணைத் துடைத்தார். எல்லாம் முடிந்து நான் வெளிக்கிடும்போது சிவத்தின் பின்னால் கந்தையா ஐயா வந்து இறங்கினார். வேட்டி மடிப்பிலிருந்து, அன்று மறைத்துக் கொண்டுபோன அந்தச் சோடாப் போத்தலை எடுத்தார்.

"பெற்றோல் பழசில்லை, மாத்தி மாத்தித்தான் வைச்சிருந்தனான்" என்றார்.

பிறகு என் பழைய வண்டியின் தாங்கி மூடியைத் திறந்து, துணியைப் போட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் அதை முழுவதும் ஊற்றினார். வெறும் போத்தலைச் சிவத்தின் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீங்கள் வீட்டை போய்ச் சேருங்கோ. எனக்கு இனி ஒளிக்க ஒண்டும் இல்லை."